மூணு காணியையும் குப்பையில போடுடா பேராண்டி

ஏண்டா பேராண்டி, பொட்டி மேல அரை மணி நேர ஆட்டம்னு போட்டிருக்குதாமே. பாசஞ்சர் வண்டி திண்டிவனத்துல கெளம்பி விழுப்புரம் ஜங்ஷன் போய்ச் சேர்ற நேரம்னு வெச்சிக்கலாம், சித்த முன்ன பின்ன ஆவும். நீ மயிலம் ஸ்டேஷன்லயே தோத்துட்ட. பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வரைக்கும் ஜன்னலோரம் உக்காந்து வேடிக்க பாத்துக்கினு வந்த. நான் கயித்துக் கட்டில்ல கண்ண மூடிக்கினுதான் படுத்திருந்தன். காத மூடல.

விழுப்புரத்துலேர்ந்து வந்த அத்தை மவ கிட்ட தோக்கறது ஒண்ணும் அவமானமில்ல. ஒங்கப்பன் அவனோட அத்தை மவ கிட்ட தோத்துதான் நீயே பொறந்த. ஆனா அவ 2 காசு குடுத்து ஒரு சீட்டு வாங்கனப்ப நீ சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு, அதுதான் எனக்குப் பொறுக்கல. "இது ஒண்ணுமே குடுக்காதே, இத எதுக்கு வாங்கற?"ன்னு அக்கறையா வேற கேட்ட. அவ பதில் சொல்லாம ஜடைய பின்னால போட்டுக்கினா. பொம்பள புள்ள பதில் சொல்லாம ஜடைய பின்னால போட்டா இன்னா அர்த்தம்னு ஒனக்கு எங்க தெரியப் போவுது.

பொட்டிய பிரிக்கறப்ப நீதான் எவ்வளவு பீத்திக்கின. ஆட்டத்து பேரு டொமினியன், டொனால்டு எக்ஸ். வக்காரினோன்னு ஒரு அமெரிக்காக்காரன் யோசிச்சது, 2008-ல வந்திச்சி, 2009-ல ஜெர்மனிக்காரன் வருசத்துக்கு ஒரு ஆட்டத்துக்குத் தர்ற பெரிய பரிச இதுக்குத் தந்தான், உள்ள 500 சீட்டு. ஒங்க ஆயா பயந்தே பூட்டா, ஆன்லைன் ரம்மியில சம்பளத்த விட்ட புள்ள இப்ப கட்டோடவே ஊட்டுக்கு வந்துட்டானோன்னு. இது காசு வெச்சி ஆடறது இல்ல, காசே சீட்டாத்தான் இருக்குதுன்னு நான் எடுத்துச் சொன்னப்புறந்தான் அடுப்பாண்ட போனா.

எனக்குத் தெரிஞ்சது இருபத்தெட்டு. கட்டுல ஏழுக்குக் கீழ இருக்கறத எல்லாம் ஓரமா எடுத்து வெச்சிட்டு 32 சீட்ட வெச்சி ஆடுவோம். ஜாக்கிக்கு 3, ஒம்போதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு. ராஜா ராணிக்கு ஒரு மண்ணும் கெடையாது, சும்மா கிரீடம் வெச்சிக்கினு ஒக்காந்திருக்கும். யாழ்ப்பாணத்துல இதுக்குப் பங்காளியா முந்நூத்தி நாலுன்னு ஒண்ணு ஆடறாங்க, அங்கயும் ஜாக்கிதான் ஒசத்தி, 30 புள்ளி. அந்த ஆட்டத்துல நல்ல சீட்டு கையில வர்றது தலையெழுத்து. வந்தத வெச்சி ஏலம் கேட்டு, துருப்ப ஒளிச்சி வெச்சி, எதுத்தாப்புல ஒக்காந்திருக்கற கூட்டாளிக்கு இருமிக் காட்டி பொழச்சிக்கணும்.

இந்த டொமினியன்ல தலையெழுத்த நீயே எழுதிக்கற. ஆளுக்கு ஒரு கட்டு. ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரே சொத்து: 7 செம்புக் காசு, 3 எஸ்டேட். கலச்சி 5 சீட்ட எடுக்கற. வேலைச் சீட்டு இருந்தா ஒண்ண ஆடற. கையில இருக்கற காசுக்கு நடுவுல இருக்கறதுல ஒண்ண வாங்கற. அப்புறம் ஆடனது, ஆடாதது, செலவு பண்ணது, பண்ணாதது எல்லாத்தையும் எறக்கி வெச்சிட்டு புதுசா 5. கட்டு தீந்தா எறக்கனத கலச்சி மறுபடியும் எடுக்கற. வாங்கனதும் அதுலயே கலந்து வந்துக்கினே இருக்கும். கடைசியில எவன் கட்டுல புள்ளி சாஸ்தியோ அவன் ஜெயிச்சான். பெரிய புள்ளி மாகாணத்துலதான், ஒண்ணு 8 காசு, 6 புள்ளி. ரெண்டு பேர் ஆடனா மொத்தமே 8 மாகாணம், அது தீந்தா ஆட்டம் முடிஞ்சிது. வேற எதுனா 3 அடுக்கு காலியானாலும் முடிஞ்சிது.

இதுல நீ இன்னா பண்ண? 3 காசுக்கு கிராமம்னு ஒரு சீட்டு இருக்குதுன்னதும் கிராமம் கிராமமா வாங்கிக் குவிச்ச. சொந்த கிராமத்துக்கு பொங்கலுக்கு ஒரு வாட்டி தீவாளிக்கு ஒரு வாட்டி வர்றவனுக்கு சீட்டுல இவ்ளோ ஊர்ப் பாசம். ஒன் மேல தப்பில்ல, திண்டிவனம் பைபாஸ்ல ஒரு சென்ட்டு மனை விக்கற வெலைய கேட்டவன் ஊரே 3 காசுன்னா வாங்கத்தான் செய்வான். ஆனா அந்த கிராமம் இன்னா குடுக்குது? இன்னொரு சீட்டு எடுக்கலாம், இன்னும் 2 வேல செய்யலாம். வேலைக்கு எடம் இருக்குது, செய்யறதுக்கு வேலைதான் இல்ல. ஒன் கையில கிராமத்துக்கு மேல கிராமமா வந்து நின்னுது, கூடவே செம்பும் எஸ்டேட்டும். நீ ஒவ்வொண்ணா ஆடி, ஆடி, கடைசியில 3 காசு சேந்துது. அந்த 3 காசுக்கு இன்னா வாங்கன? இன்னொரு கிராமம்.

சரி, அவ வாங்கன சீட்டுக்கு வருவம். சேப்பல்னு போட்டிருக்குதாம். நம்ம பக்கம் அத மாதா கோயில்னு சொல்றதுதான் வழக்கம், நானும் அப்படியே சொல்லுவன். வெல 2. காசு குடுக்காது, புதுச் சீட்டு குடுக்காது, இன்னொரு வேல செய்யவும் உடாது. கையில இருக்கற சீட்டுல 4 வரைக்கும் எடுத்து குப்பையில போடலாம். அவ்வளவுதான். குப்பைன்னா எறக்கி வெக்கற எடம் இல்ல, திரும்பி வராத எடம்.

நம்ம ஜனத்துக்கு இந்தச் சீட்டு ஏன் புரியறதில்லன்னு நான் படுத்துக்கினே ரோசன பண்ணன். வாங்கறதுக்குத்தான நாம கடைக்குப் போவோம். உள்ளத தூக்கிப் போடறதுக்கு எவனாவது காசு குடுத்து ஒண்ண வாங்குவானா? ஒங்க ஆயா ஊட்டு பரண்ல ஒடஞ்ச ஒரலு கெடக்குது. குழவி இல்ல. எதுக்குன்னு கேட்டா "இருக்கட்டும்"ன்றா. அவ பேரந்தான நீ.

கணக்குப் பாரு. ஒன் காலேஜ் கணக்கு வேணாம், களத்துமேட்டுக் கணக்கு போதும். ஆரம்பத்துல 10 சீட்டுல 7 காசு. அப்படின்னா 5 எடுத்தா சராசரியா மூணரை காசு. இந்த மூணரையிலேர்ந்து 8-க்கு ஏறணும். நீ எதையும் போடாம, கஷ்டப்பட்டு 2 தங்கமும் 1 வெள்ளியும் வாங்கிட்டன்னு வெச்சிக்கிவம். தங்கம் ஒண்ணு 3 காசு, வெள்ளி 2. இப்ப ஒன் கட்டு 13 சீட்டு, உள்ள மொத்தம் 15 காசு. அஞ்சி எடுத்தா சராசரி 6 கூட வரல. அதே 2 தங்கம், 1 வெள்ளி அவ கிட்டயும் இருக்குது. ஆனா அவ 3 எஸ்டேட்டையும் 5 செம்பையும் மாதா கோயில்ல போட்டுட்டா. அவ கட்டுல 2 தங்கம், 1 வெள்ளி, 2 செம்பு, அந்த மாதா கோயிலு. ஆறே சீட்டு, மொத்தம் 10 காசு. அஞ்சி எடுத்தா சராசரி 8-க்கு மேல. ஒன்ன விட 5 காசு கம்மியா வெச்சிக்கினு அவ மாகாணத்துக்கு மேல மாகாணம் வாங்கறா, நீ 6 காச வெச்சிக்கினு எச்சி முழுங்கற.

இதுல செம்பு போறது கூட ஒனக்கு வலிக்கல. எஸ்டேட்டப் போடறப்பதான் கை நடுங்கும். எனக்கும் புரியுது. எஸ்டேட்டுன்னா நெலம். ஒண்ணுக்கு ஒரு புள்ளி, கடைசியில எண்றப்ப வந்து சேரும். மூணு காணி நெலம் பொறக்கறப்பவே பாட்டன் எழுதி வெச்ச மாதிரி கையில குடுத்து ஆட்டத்த தொடங்கறான் அந்த வக்காரினோ. பட்டா இல்ல, சிட்டா இல்ல, வில்லங்கம் இல்ல. அத போய் குப்பையில போடுன்னா எவன் போடுவான்? வெள்ளத்துல ஒரு வாட்டி, வறட்சியில ஒரு வாட்டி எவன் எவனோ வந்து கேட்டும் நான் ஒரு சென்ட்டு விக்கல. விக்கறதுக்குக் கையெழுத்து போட பத்திர ஆபீசு படிய மிதிக்கவே இல்ல. அப்பேர்ப்பட்ட நான் சொல்றன், மூணு காணியையும் குப்பையில போடு. மொத கையிலயே மூணும் வந்தா மூணையும் போடு. மூணு சேந்தாலும் 3 புள்ளி, அரை மாகாணம். அந்த அரை மாகாணத்துக்காவ ஆட்டம் முழுக்க ஒவ்வொரு கையிலயும் ஒரு எடத்த அது புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கும். வெளையவும் வெளையாது, குத்தகைக்கும் போவாது, வேலியும் நீயே போடணும்.

நல்லா இருக்கறத ஏன் புடுங்கணும்னு கேப்ப. நம்ம கொல்லியில மல்லாட்டை விதைப்பண்ண போட்டப்ப நீ சின்னப் புள்ள, ஒனக்கு ஞாபகம் இருக்காது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடுத்த டி.எம்.வி. ரகம். விதைக்குன்னு போட்டா சான்று வாங்கணும், சான்றுக்கு வர்றவங்க மொதல்ல தேடறது கலவன் செடிய. கலவன் எப்படி இருக்கும்னு நெனைக்கற? சொத்தையா, வாடிப் போயி இருக்கும்னா? இல்ல. பச்சைப் பசேல்னு நிக்கும், சில சமயம் நம்ம செடிய விட ஒசரமா கூட நிக்கும். அதுலயும் மல்லாட்டை காய்க்கும். வேற ரகம், அவ்வளவுதான் அதோட குத்தம். கூலிக்கு வந்தவங்க அத பாத்ததும் "நல்லாத்தான இருக்குது, பாவம்"னு உட்டுட்டு அடுத்த சாலுக்குப் போயிடுவாங்க. ஒங்க ஆயா பின்னாலயே போய் புடுங்கி வரப்புல போடுவா. பரண்ல ஒடஞ்ச ஒரல வெச்சிக்கினு இருக்கற அதே ஆயாதான். கொல்லியில எறங்கிட்டா அவ வேற ஆளு. பூ எடுக்கறதுக்கு முன்ன ஒரு நட, பூத்தப்புறம் ஒரு நட, கடைசியா செடிய புடுங்கறப்ப காய பாத்து ஒரு நட. மொத நடையில புடுங்கனாத்தான் லாபம். கடைசி நடையில புடுங்கற கலவன் அதுவரைக்கும் நம்ம தண்ணிய குடிச்சி நம்ம எருவத் தின்னுட்டுதான் வெளிய வருது.

மாதா கோயிலும் அப்படித்தான், மொத நடையில எறங்கணும். மொத ரெண்டு முறையில ஒனக்கு மொத்தமே 7 காசு. ஆறு ஆட்டத்துல அஞ்சில அது 4-ம் 3-மா பிரியும், ஒண்ணுல மட்டும் 5-ம் 2-மா பிரியும். 4-ம் 3-மா வந்தா ஒண்ணுல வெள்ளி, ஒண்ணுல மாதா கோயில். "கையில 3 இருக்குது, 2 காசு சீட்ட வாங்கனா ஒரு காசு வீணாவுதே"ன்னு ஒன் மூள அரிக்கும். ஆவட்டும். இந்த ஆட்டத்துல மிச்சம் புடிக்கறதுன்னு ஒண்ணு இல்லவே இல்ல, கையில நின்ன காசு அந்த முறையோட போச்சி. நீ சென்னையில சம்பளம் வாங்கறவன்தான, இது ஒனக்குப் பழகியிருக்கணும். 5-ம் 2-மா வந்துட்டா இன்னும் விசேஷம்: 5-க்கு சூனியக்காரியோ, சந்தையோ, லேபரட்டரியோ, எது இருக்குதோ அத வாங்கு. 2-க்கு மாதா கோயில்.

வாங்கனப்புறம் கட்டு 12 சீட்டு. அடுத்த ரெண்டு கையில 10 வந்துரும். அந்தப் பாழாப்போன மாதா கோயில் அடியில கெடக்கற ரெண்டுல ஒண்ணா மாட்டிக்கினா மட்டும் வராது, ஆறுல ஒரு தடவ அப்படி நடக்கும். நடந்தா மூஞ்ச தூக்காத, அஞ்சாவது முறையில தலையில நிக்கும்.

கையில வந்துட்டுதா? இங்கதான் ஒன்ன நான் கண்ண மூடிக்கினே கவனிச்சன். மூணாவது ஆட்டத்துல நீயும் வீம்புக்கு ஒண்ணு வாங்கன இல்ல? கையில மாதா கோயில், 2 எஸ்டேட், 2 செம்பு. நீ இன்னா பண்ண? ஒரே ஒரு எஸ்டேட்ட எடுத்து, கண்ணுல ஒத்திக்காத கொறையா, குப்பையில வெச்ச. "2 செம்ப வெச்சா எதுனா வாங்கலாமே"ன்ன. 2 காசுக்கு இன்னாடா வாங்கப் போற, இன்னொரு எஸ்டேட்டா? நாலையும் போட்டிருக்கணும். அந்த முறையில ஒண்ணும் வாங்காம கைய ஒதறிக்கினு ஒக்காந்திருக்கணும். அவ அப்படித்தான் ஒக்காந்திருந்தா, நீ கூட "பாவம், ஒண்ணும் வாங்க முடியல"ன்னு உச்சு கொட்டன. நாலு நாலா ரெண்டு வாட்டி போட்டா 8 சீட்டு காலி, வேல முக்காவாசி முடிஞ்சிது. நீ போட்ட மாதிரி ஒண்ணொண்ணா போட்டா அடுத்த பொங்கல் வந்துரும்.

அதுக்குன்னு பூசாரி அருள் வந்த மாதிரி எல்லாத்தையும் வாரிப் போட்டுடாத. வேலைச் சீட்டு மொதல்ல, வாங்கறது அப்புறம். போட்ட செம்ப செலவு பண்ண முடியாது. கையில மாதா கோயில், வெள்ளி, எஸ்டேட், 2 செம்புன்னு வந்தா எஸ்டேட்டும் ஒரு செம்பும் குப்பைக்கு. வெள்ளியும் மிச்ச செம்பும் சேந்து 3, இன்னொரு வெள்ளி வாங்கிக்க. கட்டுக்குள்ள காசே இல்லாத அளவுக்கு சுத்தம் பண்ணிட்டு, கையில வெறும் மாதா கோயில வெச்சிக்கினு நின்னா அது ஆட்டம் இல்ல, சன்னியாசம். வெள்ளி, தங்கம் உள்ள வர வர, செம்ப வெளிய தள்ளிக்கினே வா. எஸ்டேட்டுக்கு மட்டும் இந்த யோசனையே வேணாம், பாத்த எடத்துல போடு.

இன்னொண்ணு. செம்புக்கு வெல 0. சும்மா குடுக்கறான். கையில காசு பத்தாம ஒண்ணும் வாங்க முடியாதப்ப ஒனக்கு ஒரு ஆச வரும், "சும்மாத்தான, ஒரு செம்ப எடுத்துக்குவமே"ன்னு. மிக்சி, கிரைண்டர், ஃபேன்னு எலவசத்துக்கு வரிசையில நின்ன ஊரு இது, அந்த ரத்தம் எனக்கும் ஓடுது. ஆனா புடுங்கிப் போட்ட கலவன மறுநாள் நீயே எடுத்து நடுவியா? வாங்க முடியலன்னா வாங்காத. இந்த ஆட்டத்துல சும்மா இருக்கறவனுக்கும் ஒரு மரியாத இருக்குது.

ஒரு மாதா கோயில் போதும். இது இவ்ளோ நல்லதுன்னு தெரிஞ்சதும் அடுத்த ஆட்டத்துல ரெண்டு வாங்குவ, எனக்கு ஒன் கொணம் தெரியும். ரெண்டும் ஒரே கையில வந்தா ஒண்ணத்தான் ஆட முடியும், மத்தது சும்மா எடத்த அடைச்சிக்கும். அதுவுமில்லாம வேல முடிஞ்சப்புறம் மாதா கோயிலே ஒரு குப்பைதான். ஆனா அது தன்னத்தானே போட்டுக்காது, கையில இருக்கறதத்தான் போடும், அது ஆடறப்ப மேசை மேல இருக்குது. சுத்தம் முடிஞ்ச ஒடனே அத ஆடாம ஓரங்கட்டிட்டு கையில காசு இருந்தா வாங்கு. நீ மூணாவது ஆட்டத்துல கடைசியில ஒரு தங்கத்த தூக்கிப் போட்டத அவ பாக்காத மாதிரி பாத்தா. நானும் பாத்தன். "போடலாம்னுதான சீட்டு சொல்லுது"ன்னு மொனகன. 4 வரைக்கும் போடலாம்னுதாண்டா சொல்லுது, போட்டே ஆவணும்னு இல்ல.

எப்பவும் இது ஆவுமான்னா, இல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10 வகை சீட்டத்தான் நடுவுல வெக்கறீங்க, மாதா கோயில் வராமயே போவலாம். அப்ப வட்டிக்காரன்னு 4 காசுல ஒருத்தன் இருந்தா அவன பாரு. ஒரு செம்ப வாங்கி குப்பையில போட்டுட்டு 3 காசு குடுக்கறான். நெஜத்துல அப்படி ஒரு வட்டிக்காரன செஞ்சியிலேர்ந்து மரக்காணம் வரைக்கும் நான் கண்டதில்ல.

தோட்டம்னு ஒரு சீட்டு வந்தா கொஞ்சம் நிதானி. கட்டுல 10 சீட்டுக்கு ஒரு புள்ளின்னு கணக்கு. 40 சீட்டு சேத்து வெச்சவனுக்கு தோட்டம் ஒண்ணுக்கு 4 புள்ளி, ஒன்ன மாதிரி கண்டதையும் சேக்கறவனுக்குன்னே செஞ்சது. எதிராளி அதுல எறங்கி, ரெண்டு மூணு அடுக்க வேகமா காலி பண்றான்னா நீ கோயில கழுவிக்கினு நிக்க நேரம் இருக்காது.

சூனியக்காரி வந்தா மாத்திப் பேசணும். 5 காசு, ஆடறப்பல்லாம் எதிராளி கட்டுல ஒரு சாபத்த தள்ளுவா, சாபம் ஒண்ணுக்கு ஒரு புள்ளி போச்சி, கையிலயும் எடத்த புடிக்கும். அங்க மாதா கோயில் கையில இருந்தா சாபம் வர வர குப்பைக்கு அனுப்பலாம். சூனியத்துக்கு மாதா கோயில்ல பரிகாரம்னு அந்த அமெரிக்காக்காரன் தெரிஞ்சி வெச்சானோ தெரியாம வெச்சானோ, நம்ம பக்கத்துல சாதி மதம் பாக்காம எல்லாரும் அததான் பண்றாங்க.

மிலிஷியான்னு ஊர்ப்படை ஒண்ணு இருக்குது. அத ஆடனா எதிராளி கையில 3 சீட்டுதான் நிக்கணும். அப்ப மாதா கோயிலோட ரெண்டுதான் மிச்சம், நாலு போடற எடத்துல ரெண்டுதான் போட முடியும். அவ அத ஒன் மேல ஏவறான்னா ஒன் சுத்தம் பாதி வேகத்துல நடக்குதுன்னு அர்த்தம். அதுக்காவ உட்டுடாத. ரெண்டுனாலும் போடு. கொள்ளைக்காரன் இன்னும் மோசம், இது 2016-ல வந்த ரெண்டாம் பதிப்புச் சீட்டு. ஒன் கட்டோட தலையில ரெண்ட பெரட்டி, செம்ப தவிர வேற காசு இருந்தா ஒண்ண குப்பையில போட வெப்பான். குப்பையா கெடக்கற கட்டுல அவன் தேடிக்கினே இருப்பான், கெடைக்காது. ஆறு சீட்டுல ரெண்டு தங்கம்னு பளபளன்னு வெச்சிக்கினு இருந்தா அவனுக்கு டார்ச் லைட்டே வேணாம். அவ கொள்ளைக்காரன வாங்கிட்டான்னா நீ ரெண்டு தங்கத்தோட திருப்திப்படாம, இன்னும் ஒண்ணு ரெண்டு சேத்து வெச்சிக்க.

மெலிஞ்ச கட்டுக்கு இன்னொரு வியாதி இருக்குது, அத அவளும் இன்னும் கத்துக்கல, அதனால இத மெதுவா சொல்றன், இப்படி குனி. ஆறு சீட்டுக் கட்டுல ஒரு மாகாணம் வாங்கனா அந்த மாகாணமும் கட்டுக்குள்ளதான் வந்து ஒக்காரும். 6 புள்ளி இருக்கும், ஆனா கையில வர்றப்ப செம்பு காசுக்குக் கூட ஒதவாது. ரெண்டு வாங்கனா எட்டுச் சீட்டுல ரெண்டு தெண்டம். மூணாவது வாங்கறதுக்குள்ள மூச்சு முட்டும். பெரிய கட்டுக்காரன் இத தாங்குவான், மெலிஞ்சவனுக்கு வலி சாஸ்தி. அதனால மொத தடவ 8 காசு கையில வந்ததும் வாயப் பொளந்துக்கினு மாகாணத்துக்கு ஓடாத. இன்னொரு தங்கம், ஒரு லேபரட்டரின்னு அடுத்து வர்ற எடைய தாங்கறதுக்கு ஒண்ணு ரெண்ட சேத்துக்கினு அப்புறம் எறங்கு. ரொம்ப நேரம் சேத்துக்கினே இருந்தாலும் போச்சி. எட்டுல அஞ்சி மாகாணம் ஒருத்தர் கைக்குப் போயிட்டா மிச்சம் மூண வெச்சிக்கினு மத்தவன் ஏப்பம் உட வேண்டியதுதான். அவ நேத்து ராத்திரி கடைசி ஆட்டத்துல மொத மாகாணத்த அவசரப்பட்டு வாங்கி ரெண்டு முறை தடுமாறனா. நீ அத கவனிக்கல, ஏன்னா நீ அப்ப கிராமம் வாங்கிக்கினு இருந்த.

அப்புறம் அந்த மூணு காணி. கடைசி மாகாணம் ஒண்ணோ ரெண்டோ மிச்சம் இருக்கறப்ப, இனி கட்டு இன்னொரு வாட்டி கலையாதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிட்டா, அப்ப வாங்கு நெலத்த. கையில 5 காசு இருந்தா 3 புள்ளிக்கு டச்சி, நம்ம கணக்குல சின்ன ஜமீன். 2 காசுதான் இருக்குதா, எஸ்டேட்ட வாங்கு. ஆரம்பத்துல எடத்த அடைச்சிக்கினு இருந்த அதே ஒரு புள்ளி காணி, இப்ப கட்டுல போய் படுத்தாலும் திரும்பி கைக்கு வரப் போறதில்ல, புள்ளி மட்டும் நிக்கும். அவ போன ஆட்டத்துல ஒன்ன ஜெயிச்சது எவ்ளோ வித்தியாசத்துல? ஒரு புள்ளி. கடைசி முறையில 2 காசுக்கு ஒரு எஸ்டேட் வாங்கனாளே, அது. அப்பவும் நீ சிரிச்ச.

வாங்கறதுக்கு முன்ன மட்டும் புள்ளிய எண்ணு. கடைசி மாகாணத்த எடுக்கறவன் ஜெயிச்சவன் இல்ல, ஆட்டத்த முடிச்சவன். 5 புள்ளி முன்னால இருக்கறவ கிட்ட கடைசி மாகாணத்த எடுத்தா ஒரு புள்ளியில ஜெயிப்ப, 7 புள்ளி முன்னால இருந்தா நீயே ஒன் தோல்விக்கு மணி அடிச்ச மாதிரி. சமமா வந்தா, கம்மி முறை ஆடனவங்களுக்கு ஜெயம், அதையும் மனசுல வெச்சிக்க.

ஆயா டீ போட்டுட்டா, எடுத்துக்கினு வா. அவளயும் கூப்புடு, கொல்லிப் பக்கம் செல்லு பேசிக்கினு இருக்கறா. தோத்தவன் மொதல்ல ஆடறதுதான ஒங்க வழக்கம், ஒக்காரு. ஒன் கட்ட இப்படி குடு, நான் கலக்கறன்.